அவருக்கு எப்படித் தெரிந்தது?

பழைய மோட்டார் கார்களைப் பழுது பார்த்துப் புதுப்பித்துக் காட்டும் டெலிவிஷன் நிகழ்ச்சிகளை நான் கூடியவரை தவறவிடாமல் பார்ப்பவன். நாவலாசிரியன் என்றால் ராத்திரி வேளையில் டால்ஸ்டாயைத்தான் படித்துக்கொண்டிருப்பான் என்று நம்புகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இருபது வருஷம் கொட்டகையில் கிடந்து, துருவேறி, கோழி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த ஒரு வண்டி, ஒரு மணி நேரத்தில் கல்யாணப் பெண்ணைப் போல் வெளியே வந்து நிற்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

என் மனைவிக்கு இதிலெல்லாம் சிரத்தை கிடையாது. அவள் துப்பறியும் கதைகளின் ரசிகை. ஒரு நாள் தற்செயலாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரையில் மெக்கானிக் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தார். எஞ்சின் சூடேறி ஆவி கிளம்பியது. அவர் முகத்தைச் சுளித்தார். அடுத்த காட்சியில், "வாட்டர் பம்ப் போய்விட்டது" என்றார். அதற்கும் அடுத்த காட்சியில் பழைய பம்ப் மேஜை மேல் கிடந்தது. புதுப் பம்ப் எஞ்சினில் ஏறிக்கொண்டிருந்தது.

"அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள்.

"அனுபவம்" என்றேன்.

"அனுபவம் சரி. எதைப் பார்த்து? தண்ணீர் ஒழுகியதா, சத்தம் கேட்டதா? வண்டி சூடாவதற்கு வேறே காரணமே கிடையாதா?"

காரணங்கள் ஏராளம். ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஹெட் காஸ்கெட் வெடித்திருக்கலாம். பிளக்கில் பொறி பறக்கும் நேரம் தவறியிருந்தால்கூட எஞ்சின் சூடாகும். இத்தனை பேரில் குற்றவாளி பம்ப்தான் என்று அந்த மனிதர் எப்படி முடிவு கட்டினார்? என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷங்களாக இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"உங்கள் மெக்கானிக் மோசமான துப்பறியும் கதை சொல்கிறார். கொலைகாரன் பெயரைச் சொல்கிறார், கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் இந்த நிகழ்ச்சிகளை வேறு கண்ணோடு பார்த்து வருகிறேன். பார்த்ததில் ஏற்பட்ட அபிப்பிராயத்தைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

துப்பறியும் கதைக்கு ஒரு தர்மம் உண்டு. 1929-ஆம் வருஷம் ரொனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் அந்தக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் விதித்தார். பாதி வேடிக்கைதான் என்றாலும் இரண்டு கட்டளைகள் பொன்னானவை. துப்பறிகிறவன் கண்ட தடயத்தை உடனே வாசகனுக்கும் காட்டிவிட வேண்டும் என்பது ஒன்று. தற்செயலாகவோ, விளக்க முடியாத உள்ளுணர்வாலோ அவன் உண்மையைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பது மற்றொன்று. நம் டெலிவிஷன் மெக்கானிக்குகள் இந்த இரண்டையும் வாரந்தோறும் மீறுகிறார்கள்.

வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்ன முறையும் நேயர்களுக்குத் தெரிந்ததே. நோய் இன்னதென்று பார், அது எதனால் வந்தது என்று பார், தணிக்கும் வழியைப் பார், பிறகு செய் என்பது அவர் வைத்த வரிசை. இந்த நிகழ்ச்சிகளில் முதல் படி இருக்கிறது: வண்டி புகைகிறது, இருமுகிறது, நிற்கிறது. கடைசிப் படி விஸ்தாரமாகவே இருக்கிறது: ஸ்பேனர் சுழல்கிறது, தீப்பொறி பறக்கிறது, வர்ணம் பளபளக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய இரண்டாம் படியை மட்டும் யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏன் இப்படி? ஒவ்வொரு நிகழ்ச்சியும் தன் ஆவலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 2004-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த 'ஓவர்ஹாலின்' நிகழ்ச்சியில் ஆவல் கடிகாரத்தில் இருக்கிறது. சொந்தக்காரருக்குத் தெரியாமல் வண்டியைக் கடத்திக்கொண்டு வந்து, சிப் ஃபூஸும் அவர் குழுவினரும் ஒரு வாரத்துக்குள் உருமாற்றிவிட வேண்டும். முடிப்பார்களா, மாட்டார்களா? 2013-இல் தொடங்கிய 'கார் எஸ்.ஓ.எஸ்.' என்ற ஆங்கில நிகழ்ச்சியில் ஆவல் கண்ணீரில் இருக்கிறது. நோயோ துக்கமோ வந்து வண்டியைக் கைவிட்ட ஒருவருக்கு, அவர் வீட்டாரே ரகசியமாக ஏற்பாடு செய்து, அதைப் புதுப்பித்துக் கண்முன் நிறுத்துகிறார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், பொய் சொல்வானேன்? 2003-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வீலர் டீலர்ஸ்' நிகழ்ச்சியில் ஆவல் கணக்கில் இருக்கிறது. மைக் ப்ரூவர் பேரம் பேசி ஒரு பழைய வண்டியை வாங்குகிறார். எட் சைனா பழுது பார்க்கிறார். விற்ற பிறகு லாபம் இவ்வளவு என்று காட்டுகிறார்கள்.

கடிகாரம், கண்ணீர், கணக்கு. மூன்றிலும் ரசம் உண்டு. ஆனால் இந்தத் தொழிலுக்கே உரிய ரசம் ஒன்று உண்டே, 'இதுவா, அதுவா' என்ற சந்தேகம், அதற்கு எங்கும் இடம் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும். துருவைத் தேடும் காட்சிகளில் இவர்கள் குறை வைப்பதில்லை. வெளியே வழவழவென்று இருக்கும் கதவின் மேல் ஒரு சின்னக் காந்தத்தை வைக்கிறார்கள். இரும்பானால் ஒட்டும், பட்டி பூசி மறைத்திருந்தால் நழுவிக் கீழே விழும். வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூ டிரைவரின் முனையால் தகட்டைக் குத்துகிறார்கள். முனை உள்ளே போய்விடுகிறது. செதில் செதிலாகத் துரு உதிர்கிறது. சோதனையையும் அதன் முடிவையும் சேர்த்தே நாமும் பார்த்துவிடுகிறோம். மெக்கானிக் வாயைத் திறக்குமுன் நமக்கே தெரிந்துவிடுகிறது. காந்தம் நழுவும் அந்த ஒரு கணத்தில் இருக்கும் விறுவிறுப்பு, அதற்குப் பிறகு அரை மணி நேரம் காட்டும் வெல்டிங்கில் இல்லை. துருவுக்கு இவ்வளவு அழகாகச் செய்யத் தெரிந்தவர்கள் எஞ்சினிடம் வந்ததும் ஏன் ஆரூடக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்?

இதில் என் சொந்த நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு ஆத்திரப்படுகிறேன் என்று விளங்காது.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பழைய கார் வைத்திருந்தேன். அதற்கு ஒரு வினோதமான வியாதி வந்தது. கிளம்பும்போது ஒரு குறையும் இராது. இருபது நிமிஷம் ஓடியதும் நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால், ஒன்றுமே நடக்காதது போல் மறுபடி கிளம்பும். எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, சார். நாளைக்கு மத்தியானம் கொண்டு வாருங்கள். அது நிற்கிற வரைக்கும் சேர்ந்து ஓட்டிப் பார்க்கலாம்" என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை. தொழில் தெரிந்தவராக இருந்தால் பார்த்தவுடன் சொல்ல வேண்டாமா? கண்ணாடி அறையும் சோபாவும் வைத்திருந்த ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். பானட்டைத் திறந்த முதல் நிமிஷத்திலேயே, "காயில் போய்விட்டது, சார்" என்றார்கள். எனக்குப் பரம திருப்தி. காயிலை மாற்றிப் பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டினார்கள், நிற்கவில்லை. இருபது நிமிஷத்தில் நிற்கிற வண்டி பத்து நிமிஷத்தில் எப்படி நிற்கும்? அது எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த வாரம் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அதற்கடுத்த வாரம் கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார்கள். வண்டி மட்டும் தன் இருபது நிமிஷக் கணக்கை விடவில்லை.

கடைசியில் வெட்கத்தை விட்டுப் பெரியவரிடமே திரும்பினேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"நிற்கும்போது பட்டென்று அணைகிறதா, இருமி இருமி நிற்கிறதா?"

"இருமித்தான்."

"மழை நாளிலும் நிற்கிறதா, வெயிலில் மட்டுமா?"

"எல்லா நாளிலும்."

"நின்ற இடத்திலேயே பெட்ரோல் டாங்க் மூடியை எப்போதாவது திறந்து பார்த்தீர்களா?"

"இல்லை."

அவர் ஒன்றையும் தொடவில்லை. என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சொல்லி வைத்தாற்போல் இருபதாவது நிமிஷம் வண்டி இருமி நின்றது. முதலில் ஒரு பிளக்கின் ஒயரைக் கழற்றி, எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்து, என்னை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். நீலப் பொறி பறந்தது. "நெருப்பு இருக்கிறது" என்றார். காயில் நிரபராதி. பிறகு கார்ப்பரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயைக் கழற்றிச் சுற்றச் சொன்னார். ஒரு சொட்டு வரவில்லை. பின்பக்கம் போய் டாங்க் மூடியைத் திருகினார். 'உஸ்'ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கு ஆசனத்தில் இருந்தபடியே கேட்டது. மறுபடி சுற்றினால் பெட்ரோல் பீச்சி அடித்தது.

மூடியில் காற்றுப் போகிற சின்னத் துவாரம் அழுக்கால் அடைத்திருந்தது. பெட்ரோல் செலவாகச் செலவாக, அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லை. டாங்க் உறிஞ்சி இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பம்ப் தோற்றுப்போகும். கால் மணி நேரத்தில் எங்கேயாவது கொஞ்சம் காற்றுக் கசிந்து உள்ளே போனதும் வண்டி உயிர் பெறும். சூட்டில் சோர்ந்துபோகிற காயிலும் இதே கூத்துத்தான் அடிக்கும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிட்டாலும் இதே கூத்துத்தான். ஆள் மூன்று, கால்தடம் ஒன்று.

நான் துள்ளிக் குதித்தேன். பெரியவர் குதிக்கவில்லை. "மூடியை இறுக்கிவிட்டு இன்னொரு தடவை ஓட்டுங்கள், சார். ஒரு தடவை ஆனது தற்செயலாகவும் இருக்கலாம்" என்றார். ஓட்டினோம், நின்றது. மூடியைத் திறந்தார், ஓடியது. அதற்கப்புறம்தான் ஒரு குண்டூசியை எடுத்துத் துவாரத்தைக் குத்தினார். மூடியோடு ஒரு மணி நேரம் ஓட்டினோம். நிற்கவில்லை. அவர் கேட்ட கூலி, நான் வாங்கிய காயிலின் விலையில் பாதிகூட இல்லை.

இதை டெலிவிஷனில் எப்படிக் காட்டியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மெக்கானிக் டாங்கைத் தட்டுவார். "மூடியில் அடைப்பு" என்பார். அடுத்த காட்சியில் புது மூடி பளபளக்கும். விஷயத்தில் ஒரு பொய்யும் இராது. ஆனாலும் அந்த மத்தியானத்தின் சாரம் முழுவதும் போயிருக்கும்.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. மோட்டார் தொழில் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார்: "நீர் சொல்வது ரிப்பேருக்குப் பொருந்தும், புதுப்பிப்பதற்குப் பொருந்தாது. புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் கழற்றி, எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். எது கெட்டிருந்தது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?"

வாஸ்தவம்தான். வீட்டையே இடித்துக் கட்டுகிறவனுக்கு எந்த ஓடு ஒழுகியது என்ற கவலை இல்லை. ஆனால் எல்லாம் புதிதாகப் பூட்டிய வண்டியும் சாவியைத் திருப்பினால் கிளம்பாமல் நிற்கிறதே, அதையும் இவர்கள் காட்டத்தானே செய்கிறார்கள்? பழைய குற்றவாளிகள் எல்லோரும் வெளியேறிய பிறகும் குற்றம் நடக்கிறது. துப்பறிவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு எது? அங்கேயும் ஒரு விளம்பர இடைவேளை. திரும்பி வந்தால், "ஒரு ஒயர் சரியாகப் பூட்டவில்லை" என்று ஒரே வாக்கியம். எந்த ஒயர், எப்படி அகப்பட்டது, அதற்குமுன் எதையெல்லாம் சந்தேகப்பட்டார் என்பதெல்லாம் வெட்டுகிறவரின் மேஜைக்கு அடியில் கிடக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தவர் எட் சைனா. ஆரஞ்சு நிறக் கையுறை அணிந்த அந்த நெட்டை மனிதர், ஒரு பாகம் என்ன வேலை செய்கிறது, ஏன் தேய்கிறது என்பதைப் பொறுமையாக விளக்குவார். கண்டுபிடிக்கும் பகுதி அவரிடத்திலும் குறைவுதான். ஆனாலும் மற்றவர்களைவிட அவர் நமக்கு அதிக மரியாதை காட்டினார். 2017 மார்ச்சில் அவர் அந்த நிகழ்ச்சியிலிருந்து விலகினார். பட்டறைக் காட்சிகளின் விவரத்தைக் குறைக்க வேண்டும் என்று நிகழ்ச்சியை எடுத்து நடத்திய டெலிவிஷன்காரர்கள் விரும்பியதே காரணம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவர் இடத்தில் வேறொருவர் வந்தார், நிகழ்ச்சி தொடர்ந்தது.

அந்த நிகழ்ச்சியின் லாபக் கணக்கில் இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். வாங்கிய விலை வரும், பாகங்களின் விலை வரும். மெக்கானிக்கின் உழைப்புக்குக் கூலி மட்டும் வராது. கூலியே வராத கணக்கில், யோசித்த நேரத்துக்கு எங்கிருந்து விலை வரும்?

'சந்தேகத்தைக் காட்டினால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள்' என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். அதற்கு அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. டாம் மலியாட்ஸி, ரே மலியாட்ஸி என்று இரண்டு சகோதரர்கள். மஸ்ஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜ் நகரில் மோட்டார் பட்டறை வைத்தவர்கள். 1977-இல் பாஸ்டன் வானொலியில் பேசத் தொடங்கினார்கள். 1987-இல் அவர்களுடைய 'கார் டாக்' நிகழ்ச்சி தேசம் முழுவதும் ஒலிபரப்பானது. 2012 வரையில் புதிய நிகழ்ச்சிகள் வந்தன. 2014-இல் டாம் காலமானார்.

அது ரேடியோ. காட்டுவதற்கு வண்டி இல்லை, பளபளப்பு இல்லை, தீப்பொறி இல்லை. யாரோ ஒரு பெண்மணி போனில் கூப்பிட்டு, தன் வண்டி போடும் சத்தத்தைத் தன் வாயாலேயே போட்டுக் காட்டுவாள். சகோதரர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பிறகு கேள்விகள் வரும். திரும்பும்போது கேட்கிறதா, நேராகப் போகும்போதா? காலையிலா, சூடான பிறகா? ஒருவர் ஒன்றைச் சந்தேகிப்பார், மற்றவர் மறுப்பார். முடிவில் ஓர் ஊகம் சொல்வார்கள். ஊகம் என்று சொல்லியே சொல்வார்கள். லட்சக்கணக்கானவர்கள் இதை வாரந்தோறும் கேட்டார்கள்.

அதில் 'ஸ்டம்ப் த சம்ப்ஸ்' என்று ஒரு பகுதி. 'மண்டுகளை மடக்குங்கள்' என்று தமிழில் சொல்லலாம். முன்பு யோசனை கேட்டவரையே மறுபடி கூப்பிட்டு, "நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா?" என்று எல்லோரும் கேட்கக் கேட்பார்கள். சில தடவை சரி. சில தடவை படுதோல்வி. தோற்றால் அதற்கும் சிரிப்புத்தான். தோல்வியை மறைக்காத அந்த இரண்டு பேரையும் ஜனங்கள் நம்பினார்கள். நான் பார்த்த வரையில் எந்தப் புதுப்பிக்கும் நிகழ்ச்சியும் ஆறு மாதம் கழித்துப் போய், "நாங்கள் பார்த்த ரிப்பேர் நிற்கிறதா?" என்று சிரத்தையாக விசாரிப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டதில்லை.

இத்தனையும் வெறும் ரசனை விவகாரம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். இந்த நிகழ்ச்சிகள் நமக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன: தெரிந்தவன் உடனே சொல்வான், உடனே சொல்லாதவன் தெரியாதவன். இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் நாம் பட்டறைக்குப் போகிறோம். "தெரியவில்லை, பார்க்க வேண்டும்" என்கிற யோக்கியனைச் சந்தேகிக்கிறோம். "காயில்தான்" என்று அடித்துச் சொல்கிறவனிடம் பணத்தைக் கொடுக்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்று தனிக் கூலி வாங்கும் பட்டறைகள் உண்டு. அந்தக் கூலியைக் கொடுக்கும்போதுதான் வாடிக்கைக்காரர்களுக்கு மனம் கசக்கிறது; பாகங்களின் விலை எவ்வளவானாலும் கொடுத்துவிடுகிறார்கள். யோசனை கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்ப் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பெரியவர் என்னிடம் முதல் நாள் சொன்னது உண்மை. உண்மை சொன்னதற்காக நான் அவரை விட்டுப் போனேன். அன்று நான் டெலிவிஷன் பார்த்துக் கெட்டுப்போனவன் அல்ல. கெட்டுப்போவதற்கு எனக்கு டெலிவிஷன் வேண்டியிருக்கவில்லை. ஆனால் எனக்கு இயற்கையாக இருந்த அசட்டுத்தனத்தை இந்த நிகழ்ச்சிகள் இப்போது வாரந்தோறும் வளர்க்கின்றன.

தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. நான்கு நிமிஷம். பெரியவரின் மத்தியானம் முழுவதையும் நான்கு நிமிஷத்தில் காட்டிவிடலாம்: மூன்று கேள்வி, ஒரு நீலப் பொறி, ஒரு காய்ந்த குழாய், ஓர் 'உஸ்'. மெக்கானிக் ஒரு தடவை தப்பாக ஊகித்துத் தலையைச் சொறிந்தால் அதையும் வெட்டாமல் இருங்கள். காந்தம் நழுவியபோது எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்களே, அதே மாதிரி எஞ்சின் பக்கத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அப்படி ஒரு நிகழ்ச்சி வந்தால் தானும் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் விளம்பர இடைவேளையில், பாதி கதையில், குற்றவாளி யார் என்று நான் முந்திக்கொண்டு சொல்லக் கூடாதாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் ஊகம் எப்போதும் காயிலாகத்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.